நிறுத்தச் சொன்ன கை

இறுதி ஆட்டத்தன்று காலையில் லுயென் இரண்டு முறை பல் தேய்த்தாள். முதல் முறை தேய்த்ததே அவளுக்கு நினைவில்லை. கணவன் பிங் சமையலறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு தடவை தேய்ச்சிடு. உன் பல்லைப் பார்த்தே தோவான் ஓடிடட்டும்" என்றார்.

"வாயை மூடிக்கிட்டு நூடுல்ஸைச் சாப்பிடுங்க."

"வாயை மூடிக்கிட்டு எப்படிச் சாப்பிடறது?"

அன்றைக்கு லுயெனுக்குப் பயமாக இருந்தது. வேலையில் சேர்ந்த புதிதில் கிரேன் ஏணியின் கீழே நின்றபோது வந்த அதே பயம்.

தோவானை அவள் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. அதை அவள் மறைத்ததும் இல்லை. மறைக்க நினைத்தாலும் முடியாது. தேநீர்க் கடையில் மூங்கில் புகைக்குழாயை மடியில் சாய்த்துக்கொண்டு, வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் தோவான் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"துறைமுகத்துல இருந்த காலம் பூரா அந்தம்மா என்னோட சதுரங்கம் ஆடினாங்க. ஒண்ணு, ஒரே ஒண்ணு ஜெயிச்சிருக்காங்களான்னு அவங்களையே கேளுங்க."

கேட்டார்கள். மீன் வாங்கப் போன இடத்தில் கேட்டார்கள், மருந்துக் கடையில் கேட்டார்கள். லுயென் இல்லையென்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வருவாள். புத்தாண்டு முடிந்து கோவில் திருவிழாவில் ஆட்களையே காய்களாக நிறுத்தி ஆடும் மனிதச் சதுரங்கத்தில் தோவான் பலமுறை கோப்பை வாங்கியவர். லுயென் இறுதி ஆட்டம் வரை வந்தது இந்த வருஷம்தான். ஒரே ஒரு தடவை, ஊர் பார்க்க, அவரை ஜெயித்துவிட வேண்டும். அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஹைபோங் துறைமுகத்தில், ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிக் கப்பல்கள் வந்து நிற்கும் ஒரு ஜெட்டியில் அவள் கிரேன் ஓட்டினாள். அவள் சேர்ந்தபோது கேபினுக்குள் உட்கார்ந்த பெண்கள் அபூர்வம். "மேலே ஏறினா தலை சுத்தும், கீழே இறங்கினா பிள்ளை அழும்" என்று மேஸ்திரி ஒருவர் சொன்னார். தலையும் சுற்றவில்லை, பிள்ளையும் அழவில்லை. அழுதது அந்த மேஸ்திரிதான், வேறொரு ஜெட்டிக்கு மாற்றல் வந்தபோது. அரிசி மூட்டை, இரும்புச் சுருள், சிமெண்ட், ஒரு தடவை சர்க்கஸ் கம்பெனியின் கூண்டு வண்டி என்று எல்லாவற்றையும் தூக்கி இறக்கியிருக்கிறாள். அவள் கொக்கியின் கீழே ஒருவருக்கும் ஒரு நகக்கண்கூடப் பெயர்ந்ததில்லை. ஓய்வு பெற்ற நாளில் மைக்கைப் பிடித்து அதைத்தான் சொன்னாள். சொல்லும்போது முதுகு தானாக நிமிர்ந்தது.

தோவான் அவளுடைய சிக்னல்காரர். கப்பலின் அடிக்கிடங்கு கேபினிலிருந்து தெரியாது. விளிம்பில் நின்று எட்டிப் பார்த்து, கையால் அவளுக்குச் சொல்கிறவர் அவர். தூக்கு, இறக்கு, இடது பக்கம், கொஞ்சம், இன்னும் கொஞ்சம், நிறுத்து. காற்றிலும் இஞ்சின் இரைச்சலிலும் வாய்ப் பேச்சு எடுபடாது. வருஷக்கணக்கில் அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் கையால்தான்.

சதுரங்கமும் அப்படித்தான் வந்தது. லாரி வராமல் வேலை நிற்கும் நேரங்கள் உண்டு. தோவான் கீழே ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்துப் பலகையை விரிப்பார். லுயென் கேபினின் இரும்புச் சுவரில் காந்தக் காய்களை ஒட்டிவைத்திருப்பாள். முன்னே, பின்னே, பக்கவாட்டில். சதுரங்கத்துக்கும் கிரேனுக்கும் வேண்டிய சைகைகள் ஏறக்குறைய ஒன்றே. ஒரு நாள் தோவான் "குதிரை பின்வாங்குது" என்று காட்டியதைத் தனக்கென்று எடுத்துக்கொண்ட லாரி டிரைவர் ஒருவன், அவர் கையையே பார்த்தபடி பின்னால் வந்து தொழிலாளர்களின் தேநீர் அண்டாவைத் தட்டையாக்கிவிட்டான். அன்றிலிருந்து இருவரும் ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். சதுரங்கத்துக்கு இடது கை. வேலைக்கு வலது கை. அதற்குப் பிறகு எந்த லாரியும் குழம்பவில்லை. லுயென் தோற்பது மட்டும் நிற்கவில்லை.

கோவில் முற்றத்தில் சுண்ணாம்பால் பெரிய கட்டம் போட்டிருந்தார்கள். ஊசித் தூறல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டிருந்தது. லுயெனின் காய்கள் சிவப்புடை உடுத்திய பெண்கள். தோவானின் காய்கள் நீல உடுப்புப் பையன்கள். ஒவ்வொருவர் கையிலும் நீளக் கம்பில் ஒரு பலகை, அதில் தேர், குதிரை, யானை, பீரங்கி என்று பெயர். இந்த ஆட்டத்தில் ராஜாவுக்குப் பதில் தளபதி; அது வெட்டுப்பட்டால் தோல்வி. லுயெனின் தளபதியாக நின்றது பக்கத்து வீட்டுப் பெண். அவளுக்கு மட்டும் பூவேலை செய்த பெரிய குடை பிடித்திருந்தார்கள். அகலமான பட்டுச் சட்டைக் கைக்குள் அவள் போனை நோண்டிக்கொண்டிருந்ததை லுயென் பார்த்தாள்.

ஆடுகிறவர்கள் கையில் சின்னக் கொடி இருக்கும். கொடியால் எந்தக் காயைத் தொடுகிறோமோ அந்தக் காய் நகர்ந்தே ஆக வேண்டும். தொட்டுவிட்டு மனம் மாறினால் செல்லாது. யோசிப்பது நீண்டால் மேளக்காரி மாய் வந்துவிடுவாள். மற்ற நாட்களில் மீன் சாறு விற்கிற மாய், அன்றைக்குக் கைமேளத்தைக் காதுக்குள்ளேயே நுழைத்துவிடுகிற மாதிரி வைத்து அடிப்பாள். அவள் அடித்து முடிப்பதற்குள் நகர்த்தவில்லை என்றால் ஆட்டம் போச்சு.

நடுவர் லுவோங் ஒலிபெருக்கியில் தொண்டையைச் செருமினார். "இந்தப் பக்கம் நம்ம தோவான் ஐயா. அந்தப் பக்கம் கிரேன் லுயென் அக்கா. அக்கா, இன்னைக்குக் கொக்கி கொண்டு வரலையா?"

"உங்களைத் தூக்கறதுக்கா?" என்றாள் லுயென். கூட்டம் சிரித்தது.

தோவான் முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து குரல் கொடுத்தார். "தங்கச்சி, மேலேயிருந்து பார்த்துப் பழகின கண்ணு. கீழே நின்னா எதுவும் தெரியாதும்மா. ஒரு நாற்காலி போட்டு ஏறி நின்னுக்கோ."

"உங்களுக்குத்தான் அண்ணே நாற்காலி வேணும். தோத்தா உட்கார."

வாய் அப்படிச் சொன்னதே தவிர, அவர் சொன்னது உண்மை என்று அவளுக்குத் தெரியும். லுயென் குள்ளம். பலகையின் மேல் குனிந்து ஆடுகிற ஆட்டம் வேறு. முற்றத்தில் நின்றால் கண்ணில் படுவதெல்லாம் முதுகும் தொப்பியும்தான். காலிறுதியில் அவளே கண்டுபிடித்த உபாயம் ஒன்றை வைத்துத்தான் இதுவரை வந்திருந்தாள். நகர்த்துவதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, மனதுக்குள் ஏணியேறி, கேபினில் உட்கார்ந்து, கீழே பார்ப்பாள். மேலிருந்து பார்த்தால் காய்களெல்லாம் தொப்பிகள் மட்டும்தான், ஒன்றை ஒன்று மறைக்காது.

ஆட்டம் தொடங்கியது. லுயென் நிதானமாக ஆடினாள். முதலில் பீரங்கி, அப்புறம் குதிரை, அப்புறம் தேரை வெளியே எடுத்தாள். தோவான் வழக்கம்போல விரைவாக ஆடினார். எதிராளியை அவசரப்படுத்துவது அவருடைய பாணி. அவருடைய குதிரையாக நின்ற பையன் ஊரிலேயே உயரமானவன். தொப்பியில் இறகு வேறு. அவன், இரு பக்கத்தையும் நடுவில் பிரிக்கிற ஆற்றுக் கோட்டைத் தாண்டி நடு வரிசையில் வந்து நின்றான். லுயென் தன் தேரை அவனுக்கு எதிரே நிறுத்தினாள். தேருக்குப் பின்னால், அதே வரிசையில், குடைக்குக் கீழே அவளுடைய தளபதி.

அப்போதுதான் அவளுக்கு அந்த வழி தெரிந்தது. தேரைப் பக்கவாட்டில் ஓரம் வரை ஓட்டினால், அடுத்த நகர்த்தலில் தோவானின் தளபதிக்கு ஓட இடமில்லை. அவள் மனதுக்குள் ஏறிப் பார்த்தாள். இடம் காலி, வழி காலி. இத்தனை வருஷத்தில் தோவான் ஆட்டத்தில் இப்படி ஒரு ஓட்டையை அவள் பார்த்ததில்லை.

கொடியை உயர்த்திக்கொண்டு தேர்ப் பெண்ணை நோக்கி நடந்தாள். கொடி அந்தப் பெண்ணின் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

முற்றத்தின் எதிர்க் கோடியில் தோவானின் கை உயர்ந்தது. முழுசாக நீட்டிய கை, உள்ளங்கை கீழே பார்த்தபடி. நிறுத்து.

லுயெனின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. அவள் நிறுத்தவில்லை. கைதான் நின்றது.

கூட்டத்துக்கு எதுவும் புரியவில்லை. "என்னக்கா, கொக்கி மாட்டிக்கிச்சா?" என்று யாரோ கத்தினார்கள். மாய் மேளத்தோடு ஓடி வந்து காதருகே அடிக்க ஆரம்பித்தாள். லுயென் தோவானையே பார்த்தாள். அவர் முகம் வெளிறியிருந்தது. தன் கையை வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல ஒரு கணம் பார்த்துவிட்டு, அவசரமாகக் கீழே இறக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

தந்திரமாக இருக்குமோ என்று முதலில் தோன்றியது. அவளை ஜெயிக்கிற வழியிலிருந்து திருப்புகிறாரோ? தேநீர்க் கடைத் தோவான் செய்யக்கூடியவர்தான். ஆனால் உயர்ந்தது வலது கை. வலது கையால் அவர் ஒரு பொய்யும் சொன்னதில்லை. அந்தக் கை நிறுத்து என்றால் கீழே ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

கீழே யார்?

லுயென் பக்கவாட்டில் இரண்டடி நகர்ந்து, எட்டிப் பார்த்தாள். உயரமான குதிரைப் பையனுக்கு நேர் பின்னால், அவன் முதுகோடு ஒட்டினாற்போல, தோவானின் பீரங்கி நின்றுகொண்டிருந்தது. அவள் நின்ற இடத்திலிருந்து பீரங்கியின் பெயர்ப் பலகை பையனின் தோளுக்கு ஒரு பக்கமாகத் தெரிந்ததால், பீரங்கி பக்கத்து வரிசையில் நிற்பதாக நினைத்திருந்தாள். மனதுக்குள் ஏறிப் பார்த்தபோதும் அந்தத் தப்பான இடத்திலேயே அதை வைத்துப் பார்த்திருந்தாள். சாய்வாகப் பார்த்ததை நேராகப் பார்த்ததாக நம்பிவிட்டாள்.

பீரங்கி நடுவில் ஒரே ஒருவரைத் தாண்டித்தான் சுடும். இப்போது அதற்கும் அவளுடைய தளபதிக்கும் நடுவில் குதிரை, தேர் என்று இரண்டு பேர். தேர் நகர்ந்துவிட்டால் குதிரை மட்டும்தான். குடைக்குக் கீழே நிற்கிற பெண் அந்த நொடியே போயிருப்பாள். ஆட்டமும் போயிருக்கும். ஊர் முன்னால், தானே போய் விழுந்து.

மேளம் காதைத் துளைத்தது. லுயென் கொடியைத் தாழ்த்திக்கொண்டு, "நடுவரே!" என்று உரக்கக் கூப்பிட்டாள். "இவர் எனக்கு நிறுத்துன்னு சைகை காட்டினார். நான் பார்த்தேன். அதை வச்சு நான் ஆடலாமா?"

மாய் மேளத்தை நிறுத்தினாள். தோவான், "சைகையாவது மண்ணாவது! ஈ ஓட்டினேன்" என்றார்.

"இந்தக் குளிர்ல ஏது ஐயா ஈ?" என்றார் லுவோங். ஒலிபெருக்கி அதை முற்றம் முழுக்கக் கொண்டுபோனது. அவர் பக்கத்திலிருந்த பெரியவர்களிடம் குனிந்து பேசினார். பேச்சு கொஞ்சம் நீண்டது. பிறகு நிமிர்ந்து சொன்னார்: "கூட்டத்துல யாரும் சொல்லிக் கொடுக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. எதிராளி சொல்லிக் கொடுக்கக் கூடாதுன்னு இல்லை. அப்படி ஒரு ஆள் இருப்பார்னு விதி எழுதினவங்களுக்குத் தோணலை. கொடி தொடலை, ஆட்டம் செல்லும். ஆடுங்க அக்கா."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மாய் மறுபடி அடிக்கத் தொடங்கினாள்.

லுயென் சிரிக்கவில்லை. இந்த ஆட்டத்தில் இனி எது நடந்தாலும் அது என்னுடையதா என்று மனம் குடைந்தது. அவர் கொடுத்ததை வாங்கி ஜெயித்தால், நாளைக்கு மீன் கடையில் என்ன சொல்வாள்? கண்ணை மூடினாள். மேளத்துக்கு நடுவில், பழக்கத்தில், ஏணியேறிக் கேபினில் உட்கார்ந்தாள். கீழே ஜெட்டி தெரிந்தது. கிடங்கின் விளிம்பில் தோவான், கையை நீட்டியபடி. எத்தனை முறை அந்தக் கை அப்படி நீண்டிருக்கிறது! மூட்டை சரிந்தபோது, கயிறு முறுக்கிக்கொண்டபோது, சாப்பாட்டு நேரமென்று எவனோ குறுக்கே நடந்தபோது. ஒவ்வொரு முறையும் அவள் நின்றாள். ஒருவருக்கும் நகக்கண் பெயரவில்லை என்று அவள் மைக்கில் சொன்னபோது கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டியதும் அதே கைதான். அன்றைக்கு அந்தப் பெருமை என்னுடையதா என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. அது அவளுடையதுதான். அவருடையதும்தான். அதனால் அவள் பங்கு ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லை.

நிறுத்தச் சொன்னபிறகு கிரேன்காரி என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். சுமையை முதலில் பத்திரமான இடத்தில் இறக்க வேண்டும். அப்புறம்தான் மறுபடி தூக்குவது.

தேர்ப் பெண்ணைத் தாண்டிப் பின்னால் நடந்தாள். ஓரத்தில் நின்ற யானைப் பெண்ணின் தோளைக் கொடியால் தொட்டு, அவளை நடு வரிசைக்குக் கூட்டிவந்து தளபதிக்கு முன்னால் நிறுத்தினாள். இப்போது தேர் போனாலும் நடுவில் இரண்டு பேர் இருப்பார்கள். குடைக்குக் கீழே இருந்த பெண் போனிலிருந்து தலையை நிமிர்த்தி, "என்ன ஆச்சு பெரியம்மா?" என்றாள்.

"ஒண்ணும் ஆகலை. நீ பாட்டுக்கு இரு."

யானையை நகர்த்தியதில் அவளுடைய வேகம் போய்விட்டது. தோவான் அந்த இடைவெளியில் தன் தளபதிக்குக் காவல் போட்டுவிட்டார். தேரின் ஓட்டம் இனி அவ்வளவு சுலபமில்லை. ஆட்டம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியதுபோல் ஆயிற்று. அதில் லுயெனுக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. அவர் கொடுத்தது ஒரு நகர்த்தல், அவள் இழந்ததும் ஒரு நகர்த்தல். கணக்கு நேராகிவிட்டதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஆனால் கிட்டத்தட்ட நேர்தான்.

தூறல் கனத்தது. தோவான் இப்போது விரைவாக ஆடவில்லை. கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கொடியை எடுக்க மட்டும் ஒரு கை வெளியே வந்தது, உடனே உள்ளே போய்விட்டது. அவர் காதிலும் மாய் மேளம் அடித்தாள். தேருக்குத் தேர் போயிற்று. உயரமான குதிரைப் பையனை லுயெனின் பீரங்கி எடுத்தது. அவன் இறகுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே போனபோது, "இப்பத்தான் எனக்கு ஊர் தெரியுது" என்று லுயென் சொன்னாள். தோவானே சிரித்துவிட்டார்.

கடைசியில் மிஞ்சியது கொஞ்சம் காய்கள்தான். லுயெனின் சிப்பாய்ப் பெண் ஒருத்தி ஆற்றுக் கோட்டைத் தாண்டி, ஒவ்வொரு அடியாக, தோவானின் தளபதி நின்ற கட்டத்தின் வாசலுக்கு வந்திருந்தாள். லுயென் கொடியை உயர்த்தினாள். ஏனோ நிமிர்ந்து தோவானைப் பார்த்தாள்.

அவர் கை முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. அசையவில்லை.

கொடி சிப்பாயைத் தொட்டது. அந்தப் பெண் ஓரடி முன்னே வைத்தாள். தோவான் பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார், சுற்றி நடந்து பார்த்தார், மாயின் மேளத்தை முழுசாகக் கேட்டார். பிறகு தன் கொடியைத் தரையில் சாய்த்து வைத்தார்.

பிங் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்குள் ஓடி வந்தது, யாரோ பட்டாசு கொளுத்தியதுபோலத் தகரத்தைத் தட்டியது, லுவோங் ஒலிபெருக்கியில் அவள் பெயரைப் பலமுறை கூவியது எல்லாம் லுயெனுக்கு ஒரே இரைச்சலாகத்தான் கேட்டது. கோப்பையையும் பட்டுக் கொடியையும் கையில் கொடுத்து, "நாலு வார்த்தை சொல்லுங்க அக்கா" என்று மைக்கை நீட்டினார்கள்.

"நான் கிரேன் ஓட்டினவ. என் கொக்கிக்குக் கீழே யாருக்கும் அடிபட்டதில்லை. இது உங்களுக்குத் தெரியும், நானே பல தடவை சொல்லியிருக்கேன்." கொஞ்சம் நிறுத்தி, தோவான் நின்ற பக்கம் கையைக் காட்டினாள். "கீழே நின்னு கை காட்டினது இவர். இதை நான் இதுவரைக்கும் சொன்னதில்லை. இன்னைக்கும் காட்டினார். ஈ ஓட்டினேன்னு சொல்றார், நம்பாதீங்க."

தோவான் தலையைக் குனிந்துகொண்டார். அவமானத்தில் குனிந்ததாகத் தெரியவில்லை. வாய் ஓரத்தில் ஏதோ அடங்காமல் துடித்தது. அவள் மேடையிலிருந்து இறங்கியதும் பக்கத்தில் வந்து, மற்றவர்கள் கேட்காத குரலில் பேசினார்.

"அந்தப் பொண்ணு குடைக்கு அடியில குனிஞ்சு நின்னுச்சா? நீ கொடியைத் தூக்கிட்டு வர்றே, கொக்கிக்குக் கீழே ஆள் நிக்கற மாதிரியே இருந்துச்சு. பீரங்கி எனக்குத் தெரியும், நானே வச்சது. கோப்பை கைக்கு வந்தாச்சுன்னு நினைச்சேன். அதுக்குள்ள இந்தச் சனியன் பிடிச்ச கை…"

"நல்ல கை அண்ணே."

"நல்ல கைதான். கோப்பை உன் கையில இருக்கே."

"அடுத்த வருஷம் வாங்க, பார்த்துக்கலாம்."

"அடுத்த வருஷம் கையைக் கட்டிப் போட்டுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுத் தோவான் தேநீர்க் கடைப் பக்கம் நடந்தார். நாலைந்து பேர் உடனே அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் அவர்களுக்கு வலது கையை நீட்டிக் காட்டி ஏதோ விளக்கத் தொடங்கியது தூரத்திலிருந்தே தெரிந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் பிங் கோப்பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். தெருமுனையில் திரும்பி நின்று, "ஒண்ணு கேட்கட்டுமா? ஊர்ல பேசிக்கறாங்க. இன்னைக்கு ஜெயிச்சது நீயா, அவரா?" என்றார்.

"நான்தான்" என்றாள் லுயென். பதில் அவ்வளவு விரைவாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பட்டுக் கொடியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு அவரைத் தாண்டி நடந்தாள். "கை காட்டறது ஒரு வேலை. நிறுத்துன்னா நிக்கறது இன்னொரு வேலை. அதை நான் ஒருத்திதான் செஞ்சேன். வாங்க, பசிக்குது."